அராலியின் கணக்கும் தீவகத்தின் பறுவமும்

அராலித் துறையில் நின்றால் பரவைக்கடலுக்கு அப்பால் வேலணைக் கரையின் பனைகள் தெரியும். யாழ்ப்பாணத்தின் முதற் பஞ்சாங்கம் இந்த அராலியில்தான் பிறந்தது என்பது மரபு. 1667இல் இராமலிங்க முனிவர் அதைக் கணித்தார் என்பார்கள். ஒல்லாந்தர் இந்தக் குடாநாட்டைப் பிடித்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. அன்றிலிருந்து குடாநாடும் தீவகமும் திருவிழாவுக்கும் திவசத்துக்கும் கலியாணத்துக்கும் தோணி வெள்ளோட்டத்துக்கும் அராலி வழிவந்த கணக்கைத்தான் எதிர்பார்த்திருந்தன. ஏடு பிரதி செய்யப்படும், ஊர் ஊராகப் போகும், ஐயர் வாசித்துச் சொல்வார். வானத்தைப் பற்றிய அறிவு கோயில் வாசலுக்கு வந்த வழி இது.

சமய நம்பிக்கையும் அறிவியலும் ஒத்துப்போகுமா என்று கேட்கும்போது நாம் பெரும்பாலும் ரோமாபுரியையும் கலிலியோவையும் நினைக்கிறோம். எனக்கு நினைவுக்கு வருவது அராலிக்குப் பக்கத்தில், வட்டுக்கோட்டையில் 1829 மார்ச் 20ஆம் திகதி இரவு நடந்தது. இந்தக் கேள்வி தமிழில், தமிழ்க் கணக்கின் எண்களோடு, ஊரே பார்த்திருக்கக் கேட்கப்பட்ட இரவு அது.

வட்டுக்கோட்டைச் செமினரியை அமெரிக்க மிஷன் 1823இல் தொடங்கியது. முதல் அதிபர் தானியேல் பூவர். ஆங்கிலமும் தமிழும் கணிதமும் வானியலும் அங்கே கற்பிக்கப்பட்டன; தொலைநோக்கியும் இருந்தது. இராமலிங்க முனிவர் மரபில் வந்த விசுவநாத சாத்திரியார் அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் பங்குனிப் பறுவத்து, அதாவது முழுநிலா நாளின், சந்திர கிரகணத்தைக் கணித்திருந்தார். பூவர் அதை ஐரோப்பிய அட்டவணைகளோடு ஒப்பிட்டார். கிரகணம் தொடங்கும் நேரத்தில் கால் மணி நேரமும், நீடிக்கும் நேரத்தில் 24 நிமிடமும், மறையும் அளவில் பன்னிரண்டில் மூன்று பங்கும் பிசகு இருப்பதாக முன்கூட்டியே ஊருக்கு அறிவித்தார். மிஷன் பதிவுகள் தரும் எண்கள் இவை. அன்றிரவு கூடியவர்கள் நிழல் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தார்கள். நிலா பூவரின் கணக்குப்படி நடந்தது.

இந்தக் கதையை நாம் அறிவது பெரும்பாலும் வென்றவர் எழுத்திலிருந்துதான். சாத்திரியார் அந்த இரவைப் பற்றி என்ன நினைத்தார் என்பது அவர் வாயால் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனாலும் நிலா யார் பக்கம் நின்றது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கண்ணால் கண்டதை இனப்பற்றினால் மறுப்பது அந்தச் சாத்திரியாரின் தொழிலுக்கே செய்யும் துரோகம்.

நான் ஏற்காதது பூவர் அடுத்து எடுத்து வைத்த படிதான். பஞ்சாங்கத்தின் எண் பிழை. ஆகவே அந்த எண்ணைத் தந்த சாத்திரம் பிழை. ஆகவே அந்தச் சாத்திரத்தைத் தாங்கும் சமயம் பொய். இந்த மூன்றில் முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது முதல் இரண்டிலிருந்தும் பிறக்கவே இல்லை. கிரகணக் கணக்குக் கால் மணி பிசகியதால் நயினாதீவு அம்மன் முன்னே ஒரு தாய் வைக்கும் வேண்டுதல் எப்படிப் பொய்யாகும்? ஆனால் பூவரை மட்டும் குறை சொல்லவும் முடியாது. அந்த ஏணியை முதலில் கட்டியவர்கள் நம்மவர்களே. கிரகணத்தை முன்கூட்டிச் சொல்ல எங்களால் முடிகிறது, ஆகவே எங்கள் நூல்கள் இறைவன் தந்தவை என்று அவர்கள் மிஷனரிகளிடம் வாதாடியிருந்தார்கள். நம்பிக்கையைக் கொண்டுபோய் ஓர் எண்ணின் மேல் ஏற்றி வைத்தால், அந்த எண் சரியும்போது நம்பிக்கையும் சேர்ந்து சரிந்ததாகத்தான் ஊர் எண்ணும். பூவர் செய்ததெல்லாம் அதே ஏணியில் கீழ்நோக்கி இறங்கிக் காட்டியதுதான்.

இந்தச் சிக்கல் வெள்ளைக்காரரோடு கப்பலில் வந்ததல்ல. நம் கணிதர்களுக்குள்ளேயே இது ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வழக்கு. பூமியின் நிழல் விழுவதால் சந்திர கிரகணம், நிலா சூரியனை மறைப்பதால் சூரிய கிரகணம் என்று ஆரியபட்டர் 499இலேயே எழுதிவிட்டார். இராகு என்னும் பாம்புக்கு அங்கே வேலை இல்லை. 628இல் பிரமகுப்தர் இராகுவை மறுத்தவர்களைக் கண்டித்தார். அது வேதத்துக்கு மாறு என்றார். ஆனால் அதே நூலில் கிரகணம் கணிக்க அவர் கையாண்டது நிழலின் கணக்கைத்தான். நானூறு ஆண்டுக்குப் பிறகு இதைப் படித்த அறிஞர் அல்பிரூனி மனம் நொந்து போனார். இவ்வளவு தெரிந்த மனிதர் எதற்காக இப்படி எழுதினார், யாருக்கு அஞ்சினார் என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னையும் உறுத்துகிறது. பிரமகுப்தர் கணக்கில் நேர்மையாக இருந்தார். பேச்சில் அந்த நேர்மையைக் காக்கவில்லை. நம்மில் பலர் இன்றைக்கும் வாழும் வாழ்வு அது.

நயினாதீவைப் பொறுத்தவரை இது வெறும் ஏட்டு வழக்கு அல்ல. அது நாகங்களின் தீவு. நாகபூசணி அம்மன் கோயிலில் இராகு கேது தோஷத்துக்கு வழிபடுகிறார்கள், கல்நாகம் வைக்கிறார்கள். அதே தீவில் நாகவிகாரை இருக்கிறது. சூளோதரன், மகோதரன் என்ற நாக அரசர் இருவரின் பிணக்கைத் தீர்க்கப் புத்தர் வந்த நாகதீபம் இதுவே என்று மகாவம்சக் கதையை வைத்துப் பௌத்தர் வணங்குகிறார்கள். மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் இதுதான் என்று நம்புகிற தமிழரும் உண்டு. அம்மன் கோயிலில் இருக்கும் முதலாம் பராக்கிரமபாகுவின் தமிழ்க் கல்வெட்டு இவை எல்லாவற்றையும்விட வேறான குரலில் பேசுகிறது. ஊராத்துறைக்கு, அதாவது இன்றைய ஊர்காவற்றுறைக்கு, வரும் பிறநாட்டு வணிகரைப் பற்றியது அது. யானையும் குதிரையும் கொண்டுவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பல் உடைந்தால் சரிபாதி. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்தக் கடலில் கப்பல்கள் உடைந்துகொண்டிருந்தன. அந்த நட்டத்துக்குக் கணக்கு வைக்கும் கல் ஒரு கோயிலில் நிற்கிறது. அம்மனுக்குப் பூ வைத்தவர்களும் நட்டத்துக்குப் பங்கு வகுத்தவர்களும் வேறு வேறு மக்களாய் இருந்திருக்க மாட்டார்கள்.

இனி அராலிக் கணக்கு எப்படி நடந்தது என்பதைப் பார்க்க வேண்டும். மதிப்பதற்கும் திருத்துவதற்கும் இரண்டுக்கும் அது தேவை.

நிலா ஒரே வேகத்தில் நடப்பதில்லை. பூமிக்குக் கிட்ட வரும்போது விரைகிறது, விலகும்போது தளர்கிறது. கிட்ட வந்து விலகி மீண்டும் கிட்ட வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. இப்படி ஒன்பது சுற்றுச் சேர்ந்தால் ஏறத்தாழச் சரியாக 248 நாள். இதைக் கண்டுகொண்ட பழையவர்கள், அந்த 248 நாளில் ஒவ்வொரு நாளும் நிலா எவ்வளவு நகர்ந்திருக்கும் என்பதை 248 சிறு வாக்கியங்களாகச் செய்து மனப்பாடம் பண்ணினார்கள். எழுத்துக்கு எழுத்து எண் மறைந்திருக்கும் வாக்கியங்கள். வாக்கிய பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்தது. வரருசி செய்ததாக மரபு சொல்கிறது. கணிப்பவருக்குத் தாளும் வேண்டாம், கருவியும் வேண்டாம். நினைவும் சில சோழிகளும் போதும்.

இந்தச் சோழிக் கணக்கை ஐரோப்பியர் இருவர் புதுச்சேரியில் நேரில் பார்த்து எழுதியிருக்கிறார்கள். வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காண வந்து 1769இல் மேகத்தால் ஏமாந்த லெ ஜாந்தி, 1765 ஆகஸ்ட் 30ஆம் திகதிச் சந்திர கிரகணத்தைத் தமிழ்க் கணிதர் ஒருவரைக் கொண்டு கணிக்கச் செய்தார். கிரகணம் நீடித்த நேரத்தில் அவருடைய கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. அன்றைய ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணையான தோபியாஸ் மாயரின் கணக்கு 68 விநாடி மிகுந்தது. அறுபது ஆண்டு கழித்து ஜான் வாரன் 1825ஆம் ஆண்டுக் கிரகணம் ஒன்றைச் சோழிகளால் கணிக்கக் கண்டார். அங்கே தொடக்கம் 4 நிமிடமும் நடு 23 நிமிடமும் முடிவு 52 நிமிடமும் பிசகின. நான்கு ஆண்டுக்குப் பிறகு வட்டுக்கோட்டைப் பிசகு. லெ ஜாந்தி எழுதியதை மட்டும் மேடையில் சொல்லிப் பெருமைப்படுபவர்களும், வட்டுக்கோட்டையை மட்டும் சொல்லிச் சிறுமைப்படுத்துபவர்களும் ஒரே தவறைச் செய்கிறார்கள். ஒரு கிரகணம் ஒரு முறையை மெய்ப்பிக்கவும் மாட்டாது, பொய்ப்பிக்கவும் மாட்டாது. பல கிரகணங்கள் வேண்டும்.

பல கிரகணங்களைச் சேர்த்துப் பார்த்தால் தெரிகிற செய்தி என்னை உண்மையிலேயே நெகிழ வைப்பது. வாக்கியக் கணக்கில் நிலாவின் வேக மாற்றத்துக்கு ஒரே ஒரு திருத்தம்தான் உண்டு. ஐந்து பாகை அளவு. உண்மையில் சூரியன் நிலாவை இழுப்பதால் இன்னொரு பெரிய ஏற்ற இறக்கமும் உண்டு. பறுவத்திலும் அமாவாசையிலும் இந்த இரண்டும் ஒன்றையொன்று கழித்துச் சரியாக அந்த ஐந்து பாகையாகவே நிற்கும். பாதி நிலாவின்போது இரண்டும் கூடிவிடும். அப்போது வாக்கியக் கணக்கு இரண்டரைப் பாகை வரை தவறலாம். நேரத்தில் ஐந்து மணி அளவு. ஆகவே வாக்கியம் பறுவத்தில் சரியாக நெருங்கி, அட்டமியில் அதிகம் விலகுகிறது. ஏன் அப்படி? பழையவர்கள் நிலாவை நுட்பமாக அளந்தது கிரகணங்களின்போது. கிரகணம் வருவது பறுவத்திலும் அமாவாசையிலும். பார்த்த இடத்தில் கணக்குச் சரியாக இருக்கிறது, பார்க்காத இடத்தில் பிசகுகிறது. இறைவன் ஒருநாள் இறக்கி வைத்த ஏடாக இருந்தால் அது எல்லாத் திதியிலும் ஒரே மாதிரிச் சரியாக இருந்திருக்க வேண்டும். இது மனிதர் இரவிரவாக விழித்திருந்து செய்த வேலை. அப்படிச் சொல்வதில் அந்த முனிவர்களுக்கு எந்தக் குறைவும் இல்லை. அவர்களுக்குச் செய்யும் உண்மையான மரியாதை அதுதான்.

பூவரிடம் திரும்பி வருகிறேன். நிலாவின் பிசகை நிமிடக் கணக்கில் சொன்ன அந்த மனிதர் 1855 பெப்ரவரியில் மானிப்பாயில் வாந்திபேதியால் இறந்தார். அந்த நோய் தண்ணீர் வழியே பரவுகிறது என்று இலண்டனில் ஜான் ஸ்நோ வாதாடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. மருத்துவர் பலர் ஏற்கவில்லை. கிருமியைக் கோக் இனங்காட்ட இன்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டு இருந்தது. வானத்து நிழலை நிமிடக் கணக்கில் அளந்த அறிவியலுக்குக் கிணற்றுத் தண்ணீரில் இருந்தது தெரியவில்லை. அறிவியலும் அராலிக் கணக்கைப் போலவே பார்த்த இடத்தில் சரியாக இருந்து, பார்க்காத இடத்தில் தவறியது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு, பார்க்காத இடத்தையும் போய்ப் பார்க்க வேண்டும் என்ற கடமையை அறிவியல் தன் மேல் ஏற்றிக்கொண்டிருக்கிறது என்பதே. அதே மானிப்பாயில் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அந்தக் கடமையைத் தமிழில் செய்தார். நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழாக்கி, தமிழிலேயே மருத்துவர்களைப் பயிற்றினார். அவரும் மிஷனரிதான், மதம் மாற்ற வந்தவர்தான். ஆனால் ஒரு சமயத்தின் தோல்வியைக் காட்டுவதற்காக அவர் காய்ச்சலைப் பயன்படுத்தவில்லை, காய்ச்சலைக் குணமாக்கினார்.

பூவரின் வட்டுக்கோட்டைச் செமினரி வளர்த்த கறோல் விசுவநாதபிள்ளையை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1855இல் வீசகணிதத்தைத் தமிழில் நூலாக்கியவர், சி. வை. தாமோதரம்பிள்ளையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரி ஆனவர். ஆறுமுக நாவலரின் தரப்பை எதிர்த்துச் சுப்பிரதீபம் என்ற சைவ கண்டனத்தை எழுதினார். பின்னாளில் சைவத்துக்கே திரும்பினார். அவருடைய வீசகணித நூலில் அந்தத் திருப்பத்தால் ஒரு சமன்பாடும் மாறவில்லை. கிறிஸ்தவராக இருந்து எழுதிய கணிதம், சைவராக ஆனபின்பும் அப்படியே சரியாக இருந்தது. நம்பிக்கை அவர் வாழ்வின் வேறொரு கேள்விக்கு விடையாக இருந்தது. எந்தக் கேள்விக்கு என்பதை அவர்தான் அறிவார்.

ஆனால் இங்கே நின்றுவிட்டால் நான் எளிதான வழியை எடுத்தவன் ஆவேன். நம்பிக்கை வேறு, அறிவியல் வேறு, இரண்டும் முட்டாது என்று சொல்லிவிட்டுப் போகலாம். முட்டுகிறது. ஒவ்வோர் ஆண்டும் சித்திரையில் இலங்கைத் தமிழ்ப் பத்திரிகையைத் திறந்தால் புத்தாண்டு பிறக்கும் நேரம் இரண்டாகப் போட்டிருக்கும்: வாக்கியப்படி ஒன்று, திருக்கணிதப்படி ஒன்று. மருத்துநீர் வைக்கும் நேரமும் இரண்டு. சில ஆண்டுகளில் விரத நாளே பிரிந்துவிடும். ஒரு கோயிலில் இன்று, அடுத்த கோயிலில் நாளை. இந்தியத் தமிழர் நடுவே இது இன்னும் பெரிதாகத் தெரிகிறது. சனி கும்ப ராசிக்குப் போனது திருக்கணிதப்படி 2023 ஜனவரி 17. திருநள்ளாற்றுச் சனி கோயில் ஏற்கும் வாக்கியப்படி 2023 டிசம்பர் 20. பதினொரு மாத வேறுபாடு. சனி இரண்டு இல்லை. அது வானத்தில் ஓரிடத்தில்தான் நின்றது.

திருக்கணிதம் என்பது மேனாட்டார் நம் மேல் ஏற்றிய ஒன்று என்று நினைப்போர் உண்டு. அது சரியன்று. திருக் என்றால் காட்சி. கண்ணால் காண்பதோடு கணக்கை ஒத்துப்பார்ப்பது பழைய சித்தாந்தங்களின் விதியே. தமிழகத்தில் இதற்காக வாதாடியவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாசாரியார். 1867இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1874இல் வெள்ளி சூரியனைக் கடந்ததைப் பற்றி இந்திய மொழிகளில் விளக்க நூல் கொண்டுவந்தவர். பஞ்சாங்கத் தொழிற் குடும்பத்திலிருந்து வந்த வைணவர். தன் சமயத்தின் நாட்கள் சரியான நாட்களாக இருக்க வேண்டும் என்ற அக்கறையிலேயே அவர் கணக்கைத் திருத்தச் சொன்னார். பக்தி அவரைத் தொலைநோக்கியிடம் கொண்டுபோய் நிறுத்தியது.

வாக்கியத்துக்காகவும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அதற்கு ஊர்காவற்றுறையின் கத்தோலிக்கத் தேவாலயங்களைத்தான் சாட்சிக்கு அழைப்பேன். உயிர்த்த ஞாயிறும் பறுவத்தால் குறிக்கப்படும் நாள்: மார்ச் 21 அன்றோ அதற்குப் பின்போ வரும் பறுவத்துக்கு அடுத்த ஞாயிறு. ஆனால் அது வானத்துப் பறுவம் அல்ல, திருச்சபை அட்டவணையின் பறுவம். 2019இல் உண்மையான பறுவம் நம் நேரப்படி மார்ச் 21 காலையில் வந்தது. வானத்தைப் பார்த்திருந்தால் உயிர்த்த ஞாயிறு மார்ச் 24. அட்டவணையில் அந்தப் பறுவம் ஒரு நாள் முந்திவிட்டதால் திருநாள் ஏப்ரல் 21க்குப் போனது. அந்த ஞாயிறு இலங்கைத் தேவாலயங்களில் குண்டுகள் வெடித்ததை யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. நான் சொல்ல வருவது இது: அந்த அட்டவணையை வைத்திருக்கும் திருச்சபை அன்று வானத்தில் பறுவம் என்று சாதிப்பதில்லை. உலகெங்கும் ஒரே நாளில் கூடுவதற்காக நாங்கள் ஏற்றுக்கொண்ட முறை என்கிறது. அப்படிச் சொல்லும்போது வானியலாளர் யாருக்கும் அதில் வழக்கு இல்லை. 1582இல் கணக்குப் பத்து நாள் விலகியதைக் கண்டு அதே திருச்சபை காலண்டரைத் திருத்தவும் செய்தது.

வாக்கியக்காரரும் இதைச் சொல்லலாம். எங்கள் பாட்டன் பூட்டன் விரதம் பிடித்த நாளில் நாங்களும் பிடிக்கிறோம் என்று சொன்னால் நான் கைகூப்பி ஏற்பேன். அந்தத் தொடர்ச்சிக்கு ஒரு மதிப்பு உண்டு, அதை அளக்கக் கருவி இல்லை. ஆனால் அன்றுதான் சனி பெயர்ந்தது, அந்த நாழிகையில்தான் அட்டமி முடிந்தது என்று சொன்னால், அது வானத்தைப் பற்றிய கூற்று. வானத்தில்தான் சரிபார்க்க வேண்டும். வாக்கியப் பஞ்சாங்கம் வெளியிடுவோர் பலர் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணித முறையில் கணித்துப் போடுகிறார்கள். கிரகணத்தை ஊரே பார்க்கும் என்பதுதான் காரணம். யாரும் பார்க்காத அட்டமிக்கும் அதே நேர்மை வேண்டும் என்பது மட்டுமே என் கோரிக்கை.

இந்தக் கோரிக்கை பஞ்சாங்கத்துக்கு மட்டும் உரியதல்ல. நெடுந்தீவில் வளரும் கல் என்று ஒன்றைக் காட்டுவார்கள்; பவளச் சுண்ணாம்புக் கல், ஆண்டுதோறும் வளர்கிறது என்பது நம்பிக்கை. பவளப்பூச்சி கடலுக்குள் உயிரோடு இருக்கும்வரை பாறை வளரும். கரையேறி வெயிலில் நிற்கும் கல் வளராது. தீவு முழுவதும் வேலியாக நிற்பதும் அதே இனக் கல்தான். பள்ளிப் பிள்ளைகள் ஆண்டுக்கு ஒருமுறை அந்தக் கல்லை அளந்து குறித்து வைக்கலாம். அதனால் அங்கே விளக்கேற்றும் யாருடைய கையும் தடுக்கப்படாது.

நயினாதீவு அம்மனுக்கு ஆனியில் திருவிழா. தீர்த்தம் பறுவத்தை ஒட்டி வரும். வாக்கியமும் திருக்கணிதமும் மிக நெருங்கி நிற்கும் இடம் அதுதான், முன்பு சொன்ன காரணத்தால். நாகவிகாரைக்குப் போயா நாளும் அந்தப் பறுவமே. அன்று குறிகட்டுவான் துறையில் வெள்ளை உடுத்த சிங்களக் குடும்பங்களும் பட்டுடுத்த தமிழ்க் குடும்பங்களும் ஒரே வரிசையில் நிற்கும், ஒரே படகில் ஏறும். படகோட்டி பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. துறைக் கல்லில் தண்ணீர் எதுவரை ஏறியிருக்கிறது என்று ஒருமுறை குனிந்து பார்க்கிறார், சோழகம் எப்படி வீசுகிறது என்று முகத்தைத் திருப்பிப் பார்க்கிறார், பிறகு அம்மன் கோபுரம் இருக்கும் பக்கம் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கயிற்றை அவிழ்க்கிறார்.